அம்பரப்பர் மலையும் புரோட்டானின் கிளர்ச்சியும்

மேற்கே கேரளத்தைப் பிரிக்கும் மலைத்தொடர் ஒரு சுவராகவும், கிழக்கே வருஷநாட்டு மலைகளும் மேகமலையும் மற்றொரு சுவராகவும் நிற்க, இரண்டுக்கும் நடுவே முல்லைப் பெரியாற்றின் நீரை வாங்கி நெல்லும் வாழையும் திராட்சையும் விளைவிக்கும் கம்பம் பள்ளத்தாக்குப் பிரதேசத்தில், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையே மலையோரமாகப் பொட்டிபுரம் என்றொரு கிராமம் இருக்கிறது. அதை ஒட்டி நிற்கும் அம்பரப்பர் மலை, பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு வரையில், ஆடு மாடு மேய்ப்பவர்களும் மானாவாரி விவசாயிகளும் தவிர அதிகம் பேர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிராத ஒரு மலை. இன்றோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும், பசுமைத் தீர்ப்பாயத்திலும், தலைநகரத்து உச்ச நீதிமன்றத்திலும் அதைக் குறித்த காகிதங்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்திருக்கின்றன. அதன் வயிற்றுக்குள் குகை குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் விரும்பியதே இவ்வளவுக்கும் காரணம்.

நியூட்ரினோ என்ற சொல்லைத் தேனி மாவட்டத்தில் கேள்விப்படாதவர் இன்று இருக்க முடியாது. மேடைதோறும் அது பேசப்பட்டாயிற்று. மலையையும் மண்ணையும் மனித சரீரத்தையும் எதிலும் படாமல் ஊடுருவிச் செல்லும் துகள், கோடிக்கணக்கில் ஒவ்வொரு வினாடியும் நம்மைக் கடந்து போகிறது, அதனால் ஒரு தீங்கும் இல்லை என்று ஆதரிப்பவர்கள் சொன்னார்கள். எதிலும் படாத வஸ்துவை எப்படிப் பிடிப்பீர்கள், பிடிக்க இத்தனை பெரிய குகை எதற்கு என்று கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரையில், எவரும் நிதானமாக உட்கார்ந்து விடை சொல்லவில்லை. விடை இதுதான்: எதிலும் படாது என்பது பெரும்பாலும் மெய், ஆனால் முழு மெய் அன்று. மிக அபூர்வமாக அது மோதவும் செய்கிறது. அப்படி மோதும்போது அடிபடுவது இரும்பு அணுவின் உட்கருவிலே அடைபட்டிருக்கும் ஒரு புரோட்டானோ நியூட்ரானோ ஆகும். அடிபட்ட அந்தத் துகள் என்ன ஆகிறது என்பது, நியூட்ரினோவைப் பற்றிய கேள்விக்குச் சற்றும் குறையாத சுவாரஸ்யமுள்ள கேள்வி. அதைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க உத்தேசம்.

புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்து நியூக்ளியான்கள் என்று அழைப்பது வழக்கம். பள்ளிப் புத்தகங்களில் சிவப்பும் நீலமுமான உருண்டைகளாக அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அவை கெட்டியான, மாறுதலற்ற மணிகள் என்ற எண்ணம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. அணுவைப் பற்றி நாம் அப்படி நினைப்பதில்லை. அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் உண்டென்றும், சக்தியைக் கொடுத்தால் அவை மேல்படிக்குத் தாவுமென்றும், மீண்டும் இறங்கும்போது ஒளியை உமிழுமென்றும், தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சமே சோடியம் அணுக்கள் அவ்விதம் இறங்குவதால் பிறப்பதென்றும் படித்திருக்கிறோம். புரோட்டானுக்கும் அத்தகைய மேல்படிகள் உண்டு என்பதுதான் கடந்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் துகள் மோதல் பரிசோதனைகள் கற்பித்த பாடம். அந்த மேல்படிகளையே நியூக்ளியானின் கிளர்ந்த நிலைகள் என்கிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்களில் பார்த்தால்தான் அதன் பிரமிப்பு விளங்கும். இத்துறையில் எடையையும் சக்தியையும் ஒரே அளவையால், அதாவது பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் என்ற அளவையால் சொல்வது சம்பிரதாயம். எளிமை கருதி அதை இங்கே அலகு என்றே சொல்லிக்கொண்டு போவோம். புரோட்டானின் எடை 938 அலகு. ஹைட்ரஜன் அணுவை அதன் அடிப்படியிலிருந்து முதல் மேல்படிக்கு ஏற்ற வேண்டிய சக்தி, ஓர் அலகில் லட்சத்தில் ஒரு பங்குதான். அணுவின் மொத்த எடையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. புரோட்டானின் முதல் கிளர்ந்த நிலைக்கு டெல்டா என்று பெயர். அதன் எடை 1232 அலகு. ஆகவே புரோட்டானை ஒரு படி ஏற்றுவதற்கு அதன் சொந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியைக் கொட்ட வேண்டியிருக்கிறது. விளக்கின் வெப்பமோ மின்சாரப் பொறியோ இதற்குப் போதாது. மிகுந்த வேகத்தோடு வரும் வேறொரு துகள் நேருக்கு நேர் மோதினாலன்றி புரோட்டான் கிளர்வதில்லை. மோதல் பரிசோதனைகளின் அவசியம் இங்கேதான் பிறக்கிறது.

அவசியம் பிறந்த காலம் 1951, 1952; இடம் அமெரிக்காவின் சிகாகோ நகரம். இத்தாலியில் பிறந்து அங்கே குடியேறியிருந்த என்ரிக்கோ ஃபெர்மி, ஹெர்பர்ட் ஆண்டர்சன் முதலிய சகாக்களுடன், அப்போதுதான் கட்டிமுடிக்கப்பட்டிருந்த சைக்ளோட்ரான் யந்திரத்தில் பையான் என்னும் துகள்களைப் பிறப்பித்து, அவற்றைத் திரவ ஹைட்ரஜன் நிரம்பிய பாத்திரத்தின் மீது பாய்ச்சி, எத்தனை பையான்கள் மோதிச் சிதறுகின்றன என்று எண்ணிப் பார்த்தார். பையானின் சக்தியைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போகப் போக, சிதறுபவற்றின் தொகை எதிர்பாராத வேகத்தில் மேலே மேலே ஏறியது. அதிலும் நேர்மின்னூட்டமுள்ள பையான்கள் எதிர்மின்னூட்டமுள்ளவற்றைக் காட்டிலும் வெகு அதிகமாகச் சிதறின. சில ஆண்டுகளுக்குள் பிற யந்திரங்களிலும் அளந்து பார்த்து வரைபடத்தை முழுமையாக்கினார்கள். பையானின் இயக்கசக்தி சுமார் 190 அலகை எட்டும் இடத்தில் ஒரு சிகரமும், அதன் பிறகு ஒரு சரிவுமாக மலைபோல் ஒரு கோடு கிடைத்தது. அந்தச் சிகரந்தான் டெல்டா. பையானும் புரோட்டானும் ஒரு கணம் ஒன்றாகி, மூன்றாவதொரு பொருளாக நின்று, மறுபடி இரண்டாகப் பிரிகின்றன என்பதே அதன் அர்த்தம்.

ஒரு கணம் என்றேன். அதற்குக் கணம் என்ற சொல்லே மிகையானது. வெண்கல மணியை ஒருமுறை தட்டினால் நாதம் நெடுநேரம் நிற்பதால் அதன் சுருதி இன்னதென்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். மண்பானையைத் தட்டினாலோ ஒலி பிறந்தவுடன் மடிந்துவிடுவதால் சுருதி இன்னதென்று அறுதியிட முடியாது. டெல்டா இந்த இரண்டாவது ரகம். அதன் எடையைக் காட்டும் சிகரம் ஊசிபோல் கூர்மையாக இல்லாமல் சுமார் 117 அலகு அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. அந்த அகலத்திலிருந்து கணக்கிட்டால், அதன் ஆயுள் ஒரு வினாடியைக் கோடி கோடி கோடியாகக் கூறிட்டு, அந்தக் கூற்றையும் மேலும் நூறு இருநூறாகக் கூறிட்டால் வரும் அளவுதான் என்று தெரிகிறது. பிரபஞ்சத்தில் ஒளியை மிஞ்சிய வேகம் கிடையாது. அந்த ஒளிகூட டெல்டாவின் ஆயுளுக்குள் ஒரு புரோட்டானின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்ச் சேர்வதோடு அவகாசம் தீர்ந்துவிடுகிறது. இவ்வளவு அற்பாயுளுள்ளதைத் துகள் என்று அழைப்பது தகுமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பிறந்து மடிந்ததற்கான சாட்சியம், சிதறி வெளிவரும் பையானின் திசையிலும் சக்தியிலும் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கிறது.

இந்த அற்பாயுள் ஜீவன் செய்த உபகாரம் பெரிது. டெல்டாவில் நான்கு வகை உண்டு. அவற்றுள் ஒன்று புரோட்டானைப்போல் இரு மடங்கு நேர்மின்னூட்டம் தாங்கியது. 1964இல் முர்ரே கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைகும் தனித்தனியே, புரோட்டான் முதலியவை மூன்று குவார்க்குகளால் ஆனவை என்ற கருத்தை வெளியிட்டபோது, இரட்டை மின்னூட்டமுள்ள டெல்டாவை மூன்று ஒரே ஜாதிக் குவார்க்குகள், மூன்றும் ஒரே திசையில் சுழன்றுகொண்டிருப்பவை, என்று சொல்ல வேண்டியதாயிற்று. புரோட்டானில் இரண்டு ஒரு திசையிலும் ஒன்று எதிர்த்திசையிலும் சுழல்கின்றன. டெல்டாவில் மூன்றும் ஒருமுகம். அந்த ஒன்றைத் திருப்புவதற்கு ஆகும் கூலிதான் புரோட்டானின் எடைக்கும் டெல்டாவின் எடைக்கும் இடையே உள்ள 294 அலகு. ஆனால் ஒரே ஜாதித் துகள்கள் எல்லாக் குணங்களிலும் ஒன்றாக ஒரே நிலையில் இருக்கக் கூடாது என்பது பௌலி வகுத்த விதி. விதி பொய்யா, குவார்க்கு பொய்யா என்ற தர்மசங்கடம் எழுந்தது. ஆஸ்கார் கிரீன்பெர்கும், ஹான், நாம்பு என்ற இருவரும் அவ்விரண்டுமே மெய்தான், குவார்க்குகளுக்கு நாம் அறியாத மற்றொரு குணம் உண்டு, அதில் மூன்றும் வேறுபடுகின்றன என்று தீர்ப்புச் சொன்னார்கள். பின்னாளில் அதற்கு நிறம் என்ற பெயர் வந்தது. கண்ணால் காணும் நிறத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இன்று அணுக்கருவைக் கட்டிப் பிடித்திருக்கும் வலிய விசையின் சாஸ்திரம் முழுவதும் அந்த நிறத்தின் மீதுதான் நிற்கிறது.

டெல்டாவுக்கு மேலே இன்னும் பல படிகள் உள்ளன. 1520, 1535, 1680 என்று அவற்றின் எடைகளையே பெயர்களாகச் சூட்டியிருக்கிறார்கள். அவற்றுள் விஞ்ஞானிகளை அதிகம் அலைக்கழித்தது 1440 என்ற எண்ணுடையது. 1964இல் அதை வெளியிட்ட டேவிட் ரோப்பர் அப்போது ஆராய்ச்சி மாணவர். புதிதாகப் பரிசோதனை எதுவும் செய்யாமல், பிறர் அளந்து வைத்திருந்த பையான் சிதறல் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் இட்டு அலசியே அதைக் கண்டார். குவார்க்குகளின் எளிய கணக்குப்படி இந்த நிலை 1535க்கு மேலே இருக்க வேண்டும். அதுவோ கீழே இருக்கிறது. அரை நூற்றாண்டு விவாதத்துக்குப் பிறகு, மூன்று குவார்க்குகள் சேர்ந்து விரிந்து சுருங்கும் அசைவு அது, அதைச் சுற்றி மண்டும் பையான் முதலிய துகள்களின் மேகம் அதன் எடையைக் குறைத்துக் காட்டுகிறது என்ற முடிவுக்குப் பெரும்பாலோர் வந்திருக்கிறார்கள். அந்த முடிவுக்கு உதவியவை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜெஃபர்ஸன் ஆய்வுக்கூடத்தின் எலெக்ட்ரான் மோதல் பரிசோதனைகள். ஜெர்மனியில் மைன்ஸ், பான் நகரங்களின் யந்திரங்களும் ஒளிக்கிரணத்தைப் புரோட்டான் மீது பாய்ச்சி இதே பணியைச் செய்து வருகின்றன. சாஸ்திரம் உண்டென்று சொல்லும் படிகள் பலவற்றைப் பரிசோதனை இன்னும் காணவில்லை. அந்தத் தேடல் முடியவில்லை.

இவ்வளவும் அயல்நாட்டு யந்திரங்களின் கதையாகத் தோன்றலாம். யந்திரமே இல்லாமல், இதே மோதல் கம்பம் பள்ளத்தாக்கின் ஆகாயத்தில் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிறது. அண்டவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கிரணங்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை பூமியின் மேல்வளிமண்டலத்தில் நைட்ரஜன், ஆக்ஸிஜன் கருக்களின் மீது மோதும்போது நியூக்ளியான்கள் கிளர்ந்து, டெல்டாவும் அதன் உறவினங்களும் தோன்றி மடிந்து, பையான்களைச் சொரிகின்றன. பையான் சிதைந்து மியூவான் என்னும் துகளையும் ஒரு நியூட்ரினோவையும் தருகிறது. மியூவான் சிதைந்து மேலும் இரு நியூட்ரினோக்களைத் தருகிறது. சிதையாமல் தரைக்கு வந்து சேரும் மியூவான்கள், கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒன்று வீதம் விழுகின்றன. திராட்சைக் கொடிக்கும் அவை தெரியாது, கொடிக்குக் கீழே நிற்பவருக்கும் தெரியாது. காஸ்மிக் கிரணங்கள் எவ்வளவு சக்தி வரை வர முடியும் என்பதற்கும் இதே டெல்டா எல்லை கட்டியிருக்கிறது என்பதை, சம்பந்தம் சற்று விலகினாலும், சொல்லாமல் விட மனமில்லை. அண்டவெளி முழுதும் நிரம்பியிருக்கும் மங்கலான நுண்ணலை வெளிச்சத்தோடு ஓர் அதிசக்திப் புரோட்டான் மோதினால் அதுவும் டெல்டாவாகக் கிளர்ந்து சக்தியை இழக்கும். ஆகவே வெகுதூரத்திலிருந்து ஒரு வரம்புக்கு மேற்பட்ட சக்தியோடு எதுவும் நம்மை வந்து அடையாது என்று 1966இல் கிரைஸன் என்ற அமெரிக்கரும், ஜட்செபின், குஸ்மின் என்ற ரஷ்யர்களும் கணக்கிட்டார்கள்.

பொட்டிபுரத்துக்கு வருவோம். ஆகாயத்தில் பிறந்த அந்த நியூட்ரினோக்களைப் பூமிக்கடியில் முதன்முதல் கண்ட பெருமையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு: 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து அதைக் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் மற்றொரு குழுவும் கண்டது. கோலாரில் அந்தப் பணி நின்றுபோன பின், புதிதாக ஒரு நிலத்தடி ஆய்வுக்கூடம் வேண்டுமென்று சென்னைக் கணித அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த ஜி. ராஜசேகரன், டாட்டா நிலையத்தின் நபா மண்டல் முதலியோர் முயன்றார்கள். முதலில் நீலகிரியில் சிங்காரா. யானைகளின் வழித்தடம் என்பதால் 2009இல் மத்திய அரசு மறுத்தது. அடுத்துச் சுருளியாறு பேசப்பட்டது. அடர்ந்த காடு என்பதால் அதுவும் கைவிடப்பட்டது. அதன்பின் போடி மேற்கு மலையிலுள்ள இந்த அம்பரப்பர் மலை. சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறையாலான இம்மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை, முடிவில் 132 மீட்டர் நீளமுள்ள குகை, தலைக்கு மேலேயும் எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை என்பது திட்டம். பாறை எதற்கென்றால், மேலிருந்து பொழியும் மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒன்றாக வடிகட்டத்தான். இல்லாவிட்டால் அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் கேட்காது.

குகைக்குள் வைக்க நினைத்தது 50,000 டன் இரும்பு. 5.6 சென்டிமீட்டர் கனமுள்ள 151 இரும்புத் தட்டுகளை அடுக்கி, இடையிடையே துகள் கடந்தால் மின்குறி எழுப்பும் கண்ணாடிப் பெட்டிகளைச் செருகி, முழுவதையும் பிரமாண்டமான காந்தமாக்குவது ஏற்பாடு. நியூட்ரினோவின் மோதலில் பிறக்கும் மியூவான் நேர்மின்னூட்டமுள்ளதா எதிர்மின்னூட்டமுள்ளதா என்பதைக் காந்தம் அதை வளைக்கும் திசையே காட்டிக்கொடுக்கும். அதைக்கொண்டு வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று பிரித்து, மூன்று நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு என்ற வரிசையை அறியலாம். இதற்கு முதல் தேவை, வந்த நியூட்ரினோவின் சக்தி எவ்வளவு என்று தெரிவது. நியூட்ரினோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. மோதலுக்குப் பின் சிதறியவற்றின் சக்தியைக் கூட்டித்தான் அதை அறிய வேண்டும். கூட்டலில் சிக்கல் வருவது இங்கேதான். ஆகாயத்து நியூட்ரினோக்களில் பலவற்றின் சக்தி, புரோட்டானின் எடையைப்போல் ஒரு மடங்கு முதல் சில மடங்கு வரை; புரோட்டானைத் தட்டிக் கிளரச் செய்வதற்கு அதுவே தக்க சக்தி. மோதப்பட்ட புரோட்டான் டெல்டாவாகி, 26 புரோட்டான்களும் 30 நியூட்ரான்களும் நெருங்கிக் கிடக்கும் இரும்புக் கருவுக்குள்ளேயே ஒரு பையானை உமிழ்கிறது. அந்தப் பையான் வெளியே வரலாம். வழியில் இன்னொரு நியூக்ளியானால் விழுங்கப்பட்டு வராமலும் போகலாம். வராமற்போனால் அதன் சக்தி கணக்கில் விடுபட்டு, நியூட்ரினோவின் சக்தியைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். கிளர்ந்த நிலைகளின் குணங்களைச் செவ்வையாக அறியாமல் நியூட்ரினோவின் கணக்கைத் தீர்க்க முடியாது என்பது அதனாலேயே.

இதற்கான கணிதத்தை 1981இல் டீட்டர் ரைனும் இந்திய வம்சத்தவரான லலித் சேகலும் ஜெர்மனியின் ஆகன் நகரில் இருந்துகொண்டு வகுத்தார்கள். 2000 அலகுக்குட்பட்ட 18 கிளர்ந்த நிலைகளை நியூட்ரினோ எவ்வளவு எளிதில் எழுப்பும் என்று அவர்கள் போட்ட கணக்கு, திருத்தங்களோடு இன்றும் உலகெங்கும் உபயோகத்தில் இருக்கிறது. கருவுக்குள் அடைபட்ட டெல்டா, வெளியே சுதந்திரமாகப் பிறக்கும் டெல்டாவினின்றும் எவ்விதம் மாறுபடுகிறது என்பதை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் எஸ். கே. சிங், சஜ்ஜாத் அத்தர் ஆகியோர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட உழைப்பு நம் நாட்டிலேயே நடக்கிறது என்பதை, திட்டத்தை ஆதரித்தவர்கள்கூட மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

திட்டத்தின் பிற்பகுதி சுருக்கமானது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. வைகோ தொடுத்த வழக்கில் அதே ஆண்டு மார்ச்சில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியின்றி வேலை தொடங்கக் கூடாதென்று மதுரைக் கிளை தடுத்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் முறையீட்டில் 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. வனவிலங்கு வாரியத்தின் இசைவும் வேண்டும் என்று தீர்ப்பாயம் கூறியது. மலைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதே அதற்குக் காரணம்.

இரண்டு பக்கத்து வாதங்களையும் கேட்டவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இரும்புத் தட்டுகளிலிருந்து கதிர்வீச்சு கிளம்பும், பள்ளத்தாக்கு பாழாகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. மேலே விவரித்த கிளர்ச்சி அங்கே அபூர்வமாக நடந்து அந்தக் கணமே அடங்கிவிடுவது, நம் தலைக்கு மேலுள்ள காற்றிலோ ஓயாமல் நடப்பது. ஆனால் பாறையை வெடிவைத்துப் பிளப்பதும், வெட்டியெடுத்த கல்லை எங்கே கொட்டுவதென்பதும், தண்ணீரை எங்கிருந்து எடுப்பதென்பதும், மேய்ச்சல் நிலத்துக்கு வழி உண்டா என்பதும், பெரியாற்று அணையையும் இடுக்கி அணையையும் சுமந்து நிற்கும் மலைத்தொடரில் கைவைக்கலாமா என்பதும் நியாயமான கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களை அறியாமை உடையவர்கள் என்று தள்ளியது பெரும் பிசகு. முந்திய பயத்தைப் போக்க நல்ல தமிழில் ஒரு சிறு புத்தகம் வீடுதோறும் போயிருக்க வேண்டும். பிந்திய கேள்விகளுக்குப் புத்தகம் போதாது, பொறுப்பேற்கும் விடை வேண்டும். முதலாவது தாமதமாக வந்தது. இரண்டாவது முழுமையாக வரவில்லை.

2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இம்மலையில் ஆய்வுக்கூடம் அமைக்க அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மலைக்குக் கிழக்கே 110 கிலோமீட்டர் தொலைவில், மதுரையில், 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவியொன்றை விஞ்ஞானிகள் 2018 முதல் இயக்கி வந்திருக்கிறார்கள். நியூட்ரினோவைப் பிடிக்க அந்த இரும்பு போதாது. ஆகாயத்திலிருந்து விழும் மியூவான்களை எண்ணுவதற்குப் போதும்.